நொட்டை

அந்தப் பட்டப்பெயரை அவளுக்கு வைத்தவன் அண்ணன்தான். சின்ன வயதில் அவன் ராவும் பகலும் உட்கார்ந்து ஒரு குதிரைப் படம் வரைந்து கொண்டுவந்து காட்டினான். தங்கை அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "நல்லாருக்கு. ஆனா முட்டி தப்பாப் போட்டுட்டே. நாற்காலி மாதிரி மடங்குது," என்றாள். அவள் சொன்னது சரியாக இருந்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து அவள் நொட்டை. காபியில் சூடு போதாது, கதவு கிறீச்சிடுகிறது, விருந்தாளியின் சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருக்கிறது. கண்ணில் பட்டது அவள் வாய்க்கு வராமல் போனதாகச் சரித்திரமே இல்லை.

வளர்ந்த பிறகு அவளுக்கு ஏற்ற உத்தியோகமும் அமைந்தது. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. குறை சொல்வது, ஊரில் எல்லோரும் ஓசியில் செய்கிற காரியம்; அதை அவள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தாள். கல்யாணம் வேண்டாம் என்று அம்மாவோடு இருந்துவிட்டாள். மாப்பிள்ளைகள் தப்பித்தார்கள் என்று அண்ணன் சொல்வான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஆளில்லாத மோட்டார் அறையிலும், லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்திலும் தனியாக வேலை செய்து பழகியவன். பேச்சு குறைச்சல், ரோஷம் அதிகம். ஒரு சொல் சுருக்கென்று தைத்துவிட்டால் அவனுக்கு அதைப் பிடுங்கிப் போடத் தெரியாது. மேலே தோல் மூடவிட்டு உள்ளேயே வைத்துக்கொள்வான்.

அப்பா இறந்த அன்று அவன் வெளியூரில், ஒரு பழைய கட்டடத்தின் லிஃப்ட் பள்ளத்துக்குள் இருந்தான். அங்கே சிக்னல் கிடையாது. மேலே ஏறி வந்து, கிரீஸ் கையோடு ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலைதெறிக்க ஓடி வந்தான். வந்து சேர்ந்தபோது அப்பாவை எடுத்துவிட்டார்கள்.

"யாரு எடுக்கச் சொன்னது?" என்று கூடத்தில் நின்று கேட்டான்.

"நான்தான் சொன்னேன்," என்றாள் தங்கை. "எவ்வளவு நேரம் போட்டு வெச்சிருக்கிறது? உனக்கு ஃபோன் போட்டுப் போட்டு என் விரல் தேஞ்சுபோச்சு. உள்ள இறங்கும்போது ஃபோனை மேல யார்கிட்டயாவது குடுத்துட்டு இறங்கணும்னுகூடவா தெரியாது?"

அந்த நேரத்திலும் ஒரு நொட்டை. அதுவும் சரியான நொட்டை. அவன் கையைக்கூடக் கழுவாமல் படியிறங்கிப் போனான். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. வருடங்கள் போயின. அவன் வீட்டு விசேஷத்துக்கு அவள் வரவில்லை. அவன் கூப்பிடவும் இல்லை. நடுவில் அம்மா மட்டும் இரண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தாள்.

ஒரு நாள் அம்மா ஃபோனில் அழுதாள். தங்கைக்குத் தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகிறதாம். பல் தேய்த்தால் ரத்தம். மாடிப்படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிடுகிறாளாம். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் ஏதேதோ மருந்து ஏற்றிப் பார்த்துவிட்டார்கள், கேட்கவில்லை. கூடப்பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று இப்போது டாக்டர் கேட்கிறாராம்.

"எப்ப வரணும்?" என்று மட்டும் கேட்டான் அண்ணன்.

சோதித்துப் பார்த்தார்கள். அவனுடைய எலும்பு மஜ்ஜை அவளுக்குப் பொருந்தியது. அம்மா எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பூரித்தாள். "தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க!" அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அண்ணன் வேறு பக்கம் பார்த்தான். ஆனால் அவனுக்கு அது கேட்க நன்றாக இருந்தது.

டாக்டரம்மாவின் அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. அம்மா வழக்கம்போல நடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் முகக்கவசம் போட்டுக்கொண்டு தங்கை. இளைத்துவிட்டாள் என்று அம்மா சொல்லியிருந்தாள். இவ்வளவு என்று சொல்லவில்லை. முழங்கைக்குக் கீழே நாவல்பழ நிறத்தில் திட்டுத் திட்டாகக் கன்றியிருந்தது. அண்ணன் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினான்.

"எதிர்ப்பு சக்தி இல்லாமத்தான் டாக்டர் இவளுக்கு இப்படி ஆயிடுச்சு," என்று அம்மா ஆரம்பித்தாள். "சொன்னா சாப்பிட மாட்டா."

"எதிர்ப்பு சக்தியெல்லாம் நல்லாவே இருக்கும்மா. அது தப்பான ஆள் மேல பாயுது, அதான் பிரச்சினை." டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "ரத்தத்துல டி செல்னு ஒரு வகை செல் இருக்கு. வெளியில இருந்து கிருமி வந்தா அடிச்சுக் கொல்றது அதோட வேலை. அதுலயே இன்னொரு கூட்டம் உண்டு. அது அடிக்கிறவங்களைப் பிடிச்சு நிறுத்தும். போதும், விடு, இது நம்ம உடம்புன்னு சொல்லும். உங்க பொண்ணுக்கு அந்த நிறுத்துற கூட்டம் குறைஞ்சுபோச்சு. அடிக்கிற செல்லைக் கேட்க ஆளில்ல. எலும்புக்குள்ள ரத்தம் உண்டாகுற மஜ்ஜையைப் போட்டு அடிச்சுக்கிட்டே இருக்கு. இப்ப உள்ள கிட்டத்தட்ட காலி."

"சொந்த உடம்பையேவா அடிக்கும்?"

"நம்ம குடும்பத்துக்கு இது என்னம்மா புதுசு?" என்றாள் தங்கை. அப்புறம் டாக்டரம்மாவிடம் திரும்பினாள். "எனக்குப் புரியுது டாக்டர். எங்க ஸ்கூல் வண்டியில என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கும். கத்துக்க வந்தவன் கண்ணை மூடிட்டு ஆக்ஸிலேட்டரை மிதிச்சா, நான் பிரேக்கை மிதிப்பேன். இப்ப என் சீட்ல ஆள் இல்ல. வண்டி நேரா எங்க வீட்டுக்குள்ளயே வந்து மோதுது. அதானே?"

"அதேதான்," என்றார் டாக்டரம்மா.

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், மூக்கு வழியாக வந்தது.

"பாருங்க டாக்டர்," என்றாள் தங்கை, அவனைப் பார்க்காமல். "சிரிக்கிறதைக்கூட ஒழுங்காச் சிரிக்கத் தெரியாது."

இத்தனை வருடத்துக்குப் பிறகு அவள் அவனைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான்.

டாக்டரம்மா மேலே சொன்னதையும் அவன் கவனமாகத்தான் கேட்டான். இவளுடைய டி செல்களை மருந்தால் அழித்துவிட்டு அண்ணனின் மஜ்ஜையை ஏற்றுவார்கள். பத்துக்குப் பத்து பொருந்துகிறது.

"பத்துப் பொருத்தமும் இருக்கா!" என்றாள் அம்மா.

"பத்துப் பொருத்தம் பார்த்துப் பண்ணின கல்யாணத்துலயும் அடிதடி நடக்குதேம்மா. நாங்க பார்க்கிறது பத்து. பார்க்க முடியாதது இன்னும் எவ்வளவோ இருக்கு. மஜ்ஜையோட சேர்ந்து இவரோட டி செல்லும் உள்ள போகும். போன இடத்துல சுத்திப் பார்த்துட்டு, இது நம்ம உடம்பு இல்லையேன்னு அடிக்க ஆரம்பிச்சாலும் ஆரம்பிக்கும். அதை அடக்கி வைக்க மாத்திரை தருவேன். அதையும் மீறினா உள்ளங்கை சிவக்கும், அரிக்கும், வயிறு போகும். அப்படி எது வந்தாலும் அன்னிக்கே என்கிட்ட சொல்லணும். ஆரம்பத்துலயே தெரிஞ்சா பெரும்பாலும் அடக்கிடலாம். விட்டுட்டா ரொம்பக் கஷ்டம். சின்னக் குறையா இருந்தாலும் சொல்லணும்."

"குறை சொல்றதைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க டாக்டர்," என்றான் அண்ணன். "அதுக்கு இவளை விட்டா ஊர்ல ஆள் கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கைதான் அதிகமாகச் சிரித்தாள்.

மஜ்ஜை எடுத்த அன்று மயக்கம் தெளிந்ததும் அவனுக்கு இடுப்பில் யாரோ கடப்பாரையால் குத்திய மாதிரி இருந்தது. சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தங்கையின் அறைக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே விடமாட்டார்கள், கண்ணாடி ஜன்னல்தான். இந்தப் பக்கம் ஒரு டெலிஃபோன், அந்தப் பக்கம் ஒரு டெலிஃபோன். அவளுக்குத் தலையில் ஒரு முடி இல்லை. கட்டிலுக்கு மேலே கருஞ்சிவப்பாக ஒரு பை தொங்கியது. அதிலிருந்து குழாய் வழியாக அவன் மஜ்ஜை இறங்கிக்கொண்டிருந்தது.

அவனுக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது. அப்பா விஷயத்தில் நீ செய்ததுதான் சரி என்று சொல்லலாம். இத்தனை வருடம் வீணாகப் போய்விட்டது என்று சொல்லலாம். அதெல்லாம் சொல்லத் தெரிந்திருந்தால் அவன் எதற்கு லிஃப்ட் பள்ளத்தில் வேலை செய்கிறான்? ரிசீவரை எடுத்தான்.

"நொட்டை, இங்க பாரு. என் சொந்தச் சரக்கு. வாங்கிட்டு அப்புறம் அது சரியில்ல, இது சரியில்லன்னு நொட்டை சொன்னே, திருப்பி வாங்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

நர்ஸ் சிரித்தார். அம்மா, "இவனைப் பாரு!" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். தங்கையும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு வாய் அடைத்துப்போனது அதுதான் முதல் தடவை. அசதி என்று நினைத்துக்கொண்டார்கள்.

மஜ்ஜை பிடித்துக்கொண்டது. ரத்த அணுக்கள் ஏறின. அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரா வாரம் காட்ட வேண்டும் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே நான்காவது மாடியில் ஓர் அறை பிடித்தான் அண்ணன். அந்தக் கட்டடத்து லிஃப்ட் அவன் பார்வையில் இருந்தது. அவள் குடிவருவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதன் தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டு, பிரேக்கைச் சரிபார்த்து, நிற்கும்போது ஒரு மயிரிழைகூடக் குலுங்காதபடி செய்துவைத்தான். அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த நாட்கள் நல்ல நாட்கள். வேலை முடிந்து தினமும் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். அவள் கட்டிலில், அவன் ஸ்டூலில், அம்மா ஜன்னல் பக்கம்.

"டாக்டரம்மா ஒண்ணு சொன்னாங்கண்ணே. என் ரத்தத்தைச் சோதிச்சா இப்ப ஆம்பளை ரத்தம்னுதான் வருமாம். எல்லாமே உன்னோடதாம்."

"அப்படியா?"

"அப்ப நான் இனிமே உனக்குத் தம்பியா?"

"தம்பின்னா ரெண்டு போடலாம். தங்கச்சின்னுதான் இத்தனை நாள் விட்டு வெச்சேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த காபி ஆறிப்போயிருந்தது. "சூடு இருக்கா?" என்று கேட்டான். "நல்லாருக்கு," என்று மிச்சம் வைக்காமல் குடித்தாள். அவன் வாங்கிக் கொடுத்த போர்வை சொரசொரவென்று இருந்தது, நல்லாருக்கு என்றாள். தலையணை உயரம், விளக்கு வெளிச்சம், அம்மாவின் குறட்டை எல்லாம் நல்லாருக்கு.

"ஏங்க, நொட்டை இப்பல்லாம் எதுக்குமே ஒண்ணும் சொல்றதில்லையே, ஏன்?" என்று அவன் மனைவி கேட்டாள். ஒரு முறை வந்து பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் கேட்டாள்.

"உசுருக்குப் போராடிட்டு வந்தவ. திருந்திட்டா."

"மனுஷங்க அவ்வளவு சீக்கிரம் திருந்துவாங்களா?"

அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் ரத்தம் ஓடுகிறது, அதனால் தன் குணமும் கொஞ்சம் வந்திருக்கிறது என்று உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. மடையன்.

அந்த வாரம் ஏதோ ஆலையில் சரக்கு லிஃப்ட் பழுதாகி, அவனால் நாலைந்து நாள் அறைக்கு வர முடியவில்லை. ஃபோனில் பேசினான். நல்லாருக்கேன் என்றாள். ஒரு மத்தியானம் அவன் லிஃப்ட் பெட்டியின் மேலே உட்கார்ந்து கம்பிவடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி நர்ஸ் கூப்பிட்டார்.

"என்ன சார், நீங்க லிஃப்ட் மெக்கானிக்னுதானே சொன்னீங்க? உங்க தங்கச்சி வீட்டு லிஃப்ட்டையே சரிபண்ணிக் குடுக்க மாட்டீங்களா?"

"என்ன சிஸ்டர்?"

"நேத்து அவங்க வர வேண்டிய நாள், வரல. கேட்டா, லிஃப்ட் ரிப்பேரு, நாலு மாடி இறங்க முடியல, ரெண்டு நாள் கழிச்சு வர்றேன்னு சொல்றாங்க. கொஞ்சம் பாருங்க சார்."

அவன் சிரித்தான். சரி பார்க்கிறேன் என்றான். ஃபோனை வைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அந்த லிஃப்ட் ரிப்பேரானால் முதல் தகவல் அவனுக்கு வரும். ஒரு தகவலும் வரவில்லை.

கருவிப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். கட்டடத்துக்கு வந்து பொத்தானை அழுத்தினான். லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. நான்காவது மாடிக்குச் சத்தமில்லாமல் ஏறி, ஒரு மயிரிழை குலுங்காமல் நின்றது. அவன் வாழ்க்கையில் ஒரு லிஃப்ட் ஓடாமல் இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். தங்கைதான் கதவைத் திறந்தாள். அந்த வேக்காட்டில் கையில் உறை, காலில் உறை, கழுத்துவரை மூடிய சட்டை.

"என்னண்ணே, இந்த நேரத்துல?"

"கையைக் காட்டு."

"தரை துடைக்கிற மருந்து ஒத்துக்கலண்ணே. போன வாரமே டாக்டர்கிட்ட சொன்னேன். களிம்பு குடுத்தாங்க."

"கையைக் காட்டுடி."

அவனே உறையைக் கழற்றினான். உள்ளங்கை வெந்நீர் கொட்டிய மாதிரி சிவந்து, விரல் இடுக்கில் தோல் உரிந்திருந்தது. காலும் அப்படியே. காதுக்குப் பின்னால், கழுத்தில், எல்லாம் சிவப்பு. கண்ணில் மஞ்சள் ஓடியிருந்தது. குளியலறைப் பக்கத்தில் அம்மா துவைத்துப் போட்ட துணி குவிந்திருந்தது. வயிறு நாள் முழுக்கப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொல்லி நம்ப வைத்திருந்தாள்.

"ஏண்டி சொல்லல?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தப்பு செய்து மாட்டிக்கொண்ட சின்னப் பிள்ளை மாதிரி நின்றாள். அவன் அவளைத் தூக்கிக்கொண்டான். கனமே இல்லை.

டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தை யாரும் முன்னால் பார்த்ததில்லை. "தரை துடைக்கிற மருந்துன்னு என்கிட்டயே பொய் சொல்லிட்டாங்களே! நானும் நம்பிட்டேனே!" என்று யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மேசையை அடித்தார். பெரிய அளவில் மருந்து ஏற்றினார்கள். தோல் கொஞ்சம் தணிந்தது, குடல் தணியவில்லை. மருந்தை மாற்றினார்கள். அதுவும் கேட்கவில்லை. சாப்பாடு குழாய் வழியாக, அப்புறம் அதுவும் நின்றது. ஈரலையும் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு நாளும் டாக்டரம்மா சொல்லும் வாக்கியம் குட்டையாகிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் அண்ணன் அவர் அறைக்குப் போய் நின்றான்.

"டாக்டர், என்னோட டி செல்தானே அவளை அடிக்குது?"

"அப்படிப் பார்க்காதீங்க."

"பார்க்கல. கேட்கிறேன். நிறுத்துற செல்லு ஒண்ணு இருக்குன்னீங்களே. என்கிட்ட இருக்குமே. அதை எடுத்து ஏத்துங்க."

"பிரிச்சு எடுத்து ஏத்திப் பார்க்கிற ஆராய்ச்சியெல்லாம் நடந்துட்டிருக்கு. இங்க எங்களால இப்ப முடியாது. முடிஞ்சாலும் நேரம் கடந்துபோச்சு."

"அப்ப குடுத்ததைத் திருப்பி எடுத்துடுங்க."

டாக்டரம்மா அவனைப் பார்த்தார். "எதைன்னு எடுக்கிறது? அவங்க ரத்தத்துல அவங்களோடதுன்னு இப்ப எதுவுமே இல்ல. எல்லாம் உங்களோடதுதான். அதை எடுத்தா மிச்சம் ஒண்ணும் இருக்காது."

அவன் வெளியே வந்தான். நடைபாதையில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது ஓய்ந்துபோயிருந்தவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நேரத்தில் தாய்க்கு என்ன பேசுகிறோம் என்று தெரியுமா? தெரியாதுதான். இருந்தாலும் கேட்டுவிட்டாள்.

"உன் சதைக்கு இன்னும் கோவம் தீரலையாப்பா?"

கேட்ட மறு நொடியே வாயில் அடித்துக்கொண்டாள். அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். அம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். இவன் ஓடி ஓடி மருந்து வாங்குகிறான், காலைப் பிடித்து விடுகிறான், கும்பிடாத சாமியில்லை. இவன் சதை பாட்டுக்கு உள்ளே இருந்து அவளை அடித்துக்கொண்டிருக்கிறது. சொன்னால் கேட்காது. அதற்குக் காது கிடையாது.

அன்று வெயில் இறங்கும் நேரத்தில் அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. அவனை உள்ளே விட்டார்கள். கை உறை மாட்டிக்கொண்டு அவள் விரலைத் தொட்டான்; வலிக்குமோ என்று உடனே எடுத்தான்.

"சொல்லு," என்றான். "ஏன் மறைச்சே?"

அவள் உதடு வெடித்திருந்தது. மெதுவாகத்தான் பேச்சு வந்தது.

"நீதானே சொன்னே... நொட்டை சொன்னா திருப்பி வாங்கிட்டுப் போயிடுவேன்னு."

"விளையாட்டுக்குச் சொன்னேன்டி!"

"தெரியும்ண்ணே. தெரியாமலா?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆனா இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்னும் சொன்னே. அதை நீ செய்யக்கூடிய ஆளு. ஒரு தடவை செஞ்சவன்தானே. உன் ரத்தம் சரியில்ல, என்னை அரிக்குது, என்னை அடிக்குதுன்னு எப்படிப் போய்ச் சொல்றது? அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தா. ரெண்டு நாள்ல தானா அடங்கிடும்னு நெனச்சேன். நீ தினம் வந்து உட்கார்ந்துட்டுப் போனியா... அது கெட்டுப்போயிடக் கூடாதுன்னு..."

ஒரு வார்த்தை. கண்ணாடிக்கு வெளியே நின்று, சிரிக்க வைப்பதற்காகச் சொன்ன ஒரு வார்த்தை. அவள் வாழ்நாள் முழுக்க யாருக்காகவும் அடக்காத வாயை அவனுக்காக அடக்கியிருக்கிறாள். அடக்க வேண்டாத இடத்தில் அடக்கியிருக்கிறாள்.

"நான் எங்கயும் போக மாட்டேன்டி," என்றான். "இப்பச் சொல்லு. என்ன வேணாலும் சொல்லு. என் மூஞ்சி சரியில்ல, என் சட்டை சரியில்ல, நான் செஞ்சது எதுவுமே சரியில்ல. ஒரே ஒரு நொட்டை சொல்லுடி."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகக்கவசம் கோணலாக இருந்தது, ஒரு காதில் கயிறு முறுக்கியிருந்தது, அழுது மூக்கு ஒழுகியது. சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. அவளுடைய கண் அந்த முறுக்கிய கயிற்றில் ஒரு நொடி நின்றதை அவன் பார்த்தான்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லண்ணே," என்றாள். "நல்ல ரத்தம்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மறுநாள் காலையில் இறந்துபோனாள்.

அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்கள். கையையும் காலையும் துணியால் மூடியிருந்தார்கள். வந்தவர்கள் வந்தார்கள், அழுதார்கள், அண்ணன் செய்த தியாகத்தைப் பற்றி ஒருவரோடு ஒருவர் தணிந்த குரலில் பேசினார்கள். அண்ணன் அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தான். அந்த உடம்புக்குள் உறைந்துகொண்டிருப்பது முழுக்க அவனுடைய ரத்தம். அது அவனுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். அவன் மனைவி ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அது அப்படியே ஆறியது.

மத்தியானம் தாண்டியது. வெயில் கூடத்துக்குள் வந்து அவள் முகத்தில் விழுந்தது. அவன் எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினான். கொஞ்ச நேரத்தில் வெயில் வேறு இடுக்கு வழியாக வந்தது. அங்கேயும் போய்த் துணியைக் கட்டினான். திரும்பி வந்து பார்த்தால் ஒரு ஈ. விரட்டினான், மறுபடி வந்தது. அவனுக்கு அவளை அப்படிப் பார்க்கச் சகிக்கவில்லை. இதே கூடத்தில், இதே இடத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் இவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஒரு கையில் ஃபோன், ஒரு கையில் விசிறி. எவ்வளவு நேரம் போட்டு வெச்சிருக்கிறது என்று அவள் கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு இப்போது தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டதைச் சொல்ல ஆள் இல்லை.

அம்மா பக்கத்தில் வந்து அவன் தோளைத் தொட்டாள்.

"இன்னும் யாராவது வரணுமாப்பா?"

"யாரும் இல்லம்மா."

"அப்ப எடுக்கலாமான்னு கேட்கிறாங்க. நீதான் சொல்லணும்."

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். சுத்தமாக இருந்தன. இந்தத் தடவை முதலிலிருந்தே கூட இருந்தவன் அவன். அவனுக்காக யாரும் ஃபோன் போட்டுப் போட்டு விரல் தேய வேண்டியிருக்கவில்லை.

"எடுத்துடலாம்மா," என்றான் அண்ணன். "போட்டு வெச்சது போதும்."